கண்டிக்கோட்டைக்கு ஒரு பகல்

செங்கற்பட்டுக்கு வடக்கே ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊராகிய சிங்கப்பெருமாள் கோயில். ஊருக்குப் பெயர் அளித்த நரசிம்மப் பெருமாள், சிறு குன்று ஒன்றைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்துக் குகையில் எழுந்தருளியிருக்கிறார். மூர்த்தி மலையோடு மலையாக இருப்பதால், அவரைப் பிரதக்ஷிணம் செய்ய விரும்புகிறவர்கள் குன்றையே சுற்றி வரவேண்டும். குன்றுக்குப் பாடலாத்திரி என்று பெயர். செந்நிற மலை என்பது பொருள். பௌர்ணமிதோறும் அந்தக் குன்றைச் சுற்றி வரும் கூட்டத்தில் எங்கள் வீட்டுப் பாட்டியைத் தவறாமல் காணலாம்.

இவ்வாறு மலையைச் சுற்றியே பழகிய எங்களுக்கு, மலை இரண்டாகப் பிளந்து நிற்கும் காட்சியைக் காணவேண்டும் என்ற ஆசையை மூட்டியவன் எங்கள் பையன்தான். விடுமுறை வந்தால் மாமல்லபுரம், அதை விட்டால் வேடந்தாங்கல் என்று போய்ப் போய் அவனுக்கு அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் அமெரிக்க தேசத்துக் கொலராடோ நதியைப் பற்றிப் படித்திருந்தான். 446 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு, அந்த நதி பூமியை அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம். ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது, "அப்பா, நம் தேசத்தில் அந்த மாதிரி ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டான்.

ஏன் இல்லை? ஆந்திர நாட்டுக் கடப்பை ஜில்லாவில், ஜம்மலமடுகுக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் கண்டிக்கோட்டை இருக்கிறது. இலங்கையிலுள்ள கண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலைகளுக்கு இடையேயுள்ள இடுக்கு. எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு வரும் பெண்ணையாறு இங்கே சுமார் 300 அடி அகலத்துக்கு ஒடுங்கி, இரு பக்கமும் செங்குத்தான செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே செல்கிறது. இதை 'இந்தியாவின் கிராண்ட் கான்யன்' என்று அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நம் வீட்டுக் குழந்தைக்கு எதிர் வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் பெருமை தேட வேண்டுமா? கண்டிக்கோட்டை என்ற சொந்தப் பெயரே பொருள் நிறைந்ததாக இருக்கும்போது இரவல் பெயர் வேண்டியதில்லை என்பது எங்கள் கட்சி.

பையன் உடனே, "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்துவிடலாமே!" என்றான். இங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது.

எங்கள் ஊரிலிருந்து கண்டிக்கோட்டை 350 கிலோமீட்டருக்குக் குறையாது. திருப்பதி, கடப்பை வழியாக மோட்டாரில் போனால், வழியில் காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் நிற்கிற நேரத்தையும் சேர்த்து, போக எட்டு மணி, வர எட்டு மணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணிதான். பதினாறு மணி நேரம் வண்டியில் குலுங்கிவிட்டு, மிஞ்சிய எட்டு மணியில் தூங்குவதா, மலையைப் பார்ப்பதா? தூங்காமல் மோட்டாரை ஓட்டுகிறவரை நம்பிக் குழந்தைகளை ஏற்றிச் செல்வது யாத்திரை அன்று, அபாயம்.

அது போதாதென்று, வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பிற்று. எங்கள் மைத்துனர் பழைய கற்களில் மோகம் கொண்டவர். "அவ்வளவு தூரம் போய்விட்டுப் பேலும் குகையைப் பார்க்காமல் திரும்புவதா?" என்றார். 3,229 மீட்டர் நீளமுள்ள அந்தக் குகை கண்டிக்கோட்டையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை 1884-ஆம் வருஷத்தில் குறிப்பெழுதிவைத்தவர் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி. அவரே 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, எங்கள் ரயில் பாதையிலேயே உள்ள பல்லாவரத்தில், ஆதி மனிதன் செதுக்கிய கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். "பல்லாவரத்துக்காரர்களான நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் இல்லையா?" என்று மைத்துனர் வாதாடினார்.

பாட்டி அதுவரை வாய் திறக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏண்டா அப்பா, அந்தப் பக்கத்தில்தானே சிங்கவேள்குன்றம் இருக்கிறது?" என்றார்கள்.

எல்லாரும் மௌனமானோம். சிங்கவேள்குன்றம் என்பது அகோபிலம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. ஒன்பது நரசிம்ம மூர்த்திகள் எழுந்தருளிய மலை. இந்த நரசிம்மரையே சுற்றிச் சுற்றி வந்த பாட்டிக்கு, அந்த நரசிம்மரைச் சேவிக்கவேண்டும் என்று எத்தனை நாள் ஆசையோ! ஆனால் கண்டிக்கோட்டைக்கும் அகோபிலத்துக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர். மலை ஏற்றமும் உண்டு. இரண்டையும் ஒரே பகலில் பார்ப்பது நடவாத காரியம். பையனுடைய முகம் வாடிவிட்டது. பாட்டி அதைக் கவனித்துவிட்டார்கள்.

"குழந்தை முதலில் கேட்டான், அவன் கேட்டதையே பாருங்கள். பெருமாள் எங்கே போய்விடப் போகிறார்? ஆனால் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்" என்றார்கள்.

இவ்வாறு ஒரு பகலுக்கு ஓர் இடம் என்று தீர்மானம் ஆயிற்று. தூரத்தையெல்லாம் இரவுகளுக்குத் தள்ளிவிட்டுப் பகல் முழுவதையும் மலைக்குக் கொடுப்பது என்பது இரண்டாவது தீர்மானம். இதற்கு ரயிலே தகுந்தது. சென்னைப் பட்டணத்துக்குப் போய்த்தான் வண்டி ஏறவேண்டும் என்பதில்லை. செங்கற்பட்டிலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்குக் கிளைப் பாதை ஒன்று போகிறது. அரக்கோணத்தில் பம்பாய் மார்க்கத்து இரவு வண்டியைப் பிடித்தால், ரேணிகுண்டா, கடப்பை தாண்டி எர்ரகுண்ட்லாவில் இறங்கலாம். அங்கிருந்து வாடகை மோட்டாரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். முத்தனூர் ஸ்டேஷன் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை. மறு இரவு அதே வழியில் திரும்பிவிடலாம். படுக்கை இடங்களை முன்னதாகவே பதிவு செய்துகொண்டோம். பாட்டிக்குக் கீழ்ப் படுக்கை.

மாதம் கார்த்திகை என்று குறித்தோம். கோடையில் கடப்பைச் சீமையின் வெயில் பாறையைக் காய்ச்சிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் குழந்தைகளும் வயோதிகர்களும் அங்கே நிற்க முடியாது. மழைக் காலம் கழிந்தால் வெயிலும் தணிந்திருக்கும். ஆற்றில் நீரும் இருக்கும். வீட்டு அம்மாள் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். கோட்டைக்குள் நினைத்த இடத்தில் ஆகாரம் அகப்படாது. கண்டிப்பான சட்டம் ஒன்றும் செய்தோம்: பாறையின் விளிம்பு நெடுகக் கைப்பிடிச் சுவர் கிடையாதாகையால், பத்து அடிக்கு இப்பால்தான் நிற்க வேண்டும், குழந்தைகள் பெரியவர்களின் கையை விடக்கூடாது, விளிம்பில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் கூடாது.

பொழுது புலரும் வேளையில் கோட்டை வாசலை அடைந்தோம். விஜயநகர அரசர்களின் கீழ்ப் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை இது. உள்ளே இன்றும் ஒரு சிற்றூர் இருக்கிறது. மாதவராயர் கோயிலின் கோபுரம், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் எல்லாவற்றையும் கடந்து, உருண்டு கிடக்கும் பாறைகளின் மேல் கால் வைத்துத் தாண்டினால், திடீரென்று நிலம் முடிந்துவிடுகிறது.

பையன் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. கீழே, வெகு ஆழத்தில், பச்சை நிற நீர் வளைந்து கிடந்தது. எதிர்ச் சுவரில் வெயில் மேலிருந்து சிறிது சிறிதாக இறங்க இறங்க, பாறை கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறமாயிற்று. யாரோ ராக்ஷசக் கொத்தன் செங்கல் செங்கலாக அடுக்கி வைத்தாற்போல் அந்தச் சுவர் நின்றது. அடுக்கியவர் எவரும் இல்லை. இந்தப் பாறை குவார்ட்ஸைட் என்ற மிகக் கடினமான வகை. நூறு கோடி வருஷங்களுக்கும் முந்தியது. அது கரைவதில்லை. இயற்கையாக உள்ள வெடிப்புகளின் வழியே கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது. அதனாலேயே சுவர் செங்குத்தாக நிற்கிறது. இதே ஜில்லாவின் சுண்ணாம்புக் கல்லோ நீரில் கரையக் கூடியது. பேலும் குகையைக் குடைந்ததும் சுண்ணாம்புப் பாறையில் புகுந்த தண்ணீர்தான். நம் அடுக்களை அலமாரிகளில் பலகையாக இருக்கும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லே. "அப்படியானால் தினமும் இந்த ஊர்மேல்தானா பாத்திரம் அடுக்கி வைக்கிறேன்!" என்று வீட்டு அம்மாள் வியந்தாள்.

பாட்டி சற்றுப் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த ஆறு எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்டார்கள். கன்னட நாட்டு நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, 597 கிலோமீட்டர் ஓடி, நெல்லூர்ச் சீமையில் கடலில் கலக்கிறது என்றோம். "நம் பாலாறும் நந்தி மலையிலிருந்துதானே வருகிறது?" என்றார்கள். ஆம், தென்பெண்ணையும் அங்கேதான் பிறக்கிறது. ஒரே மலைப் பக்கத்தில் பிறந்த பெண்களில் ஒருத்தி இங்கே வந்து பாறையைப் பிளந்தாள். ஒருத்தி செங்கற்பட்டின் ஓரமாக, வருஷத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறாள். பெண்ணைக்கும் இன்று பூரண சுதந்திரம் இல்லை. மேலே ஓர் அணை, கீழே மைலவரத்தில் ஓர் அணை. இடுக்கில் நாம் காணும் நீர் எவ்வளவு என்பதை அவை நிர்ணயிக்கின்றன. மேலணையின் தேக்கத்துக்காகப் பல கிராமத்தார் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அழகை ரசிக்கப் போகும் நாம் அவர்களை நினையாமல் திரும்புவது நியாயமன்று.

வெயில் ஏறியதும் கோயில்களுக்குத் திரும்பினோம். பாட்டி வீட்டிலிருந்து ஈரத் துணியில் சுற்றித் துளசி கொண்டுவந்திருந்தார்கள். மாதவராயர் கோயிலின் தூண்களில் அற்புதமான சிற்பங்கள் இருக்கின்றன. கருவறையில் மூர்த்தி இல்லை. விளக்கும் இல்லை, பூஜையும் இல்லை. பாட்டி திகைத்து நின்றார்கள்.

மைத்துனர் தயங்கித் தயங்கி ஒரு சரித்திரம் சொன்னார். 1652-ஆம் வருஷத்தில், கோல்கொண்டா சேனாதிபதி மீர் ஜும்லா இங்கே தங்கியிருந்தபோது, தாவர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி அவரைக் காண வந்தார். கோயில்களிலிருந்து திரட்டிய செப்புத் திருமேனிகளை உருக்கிப் பீரங்கி வார்க்கும் வேலை அப்போது நடந்தது. வார்த்தவனும் ஒரு பிரெஞ்சுக்காரனே. ஆனால் கண்டிக்கோட்டைக் கோயிலின் சில திருமேனிகள் மட்டும் என்ன செய்தும் உருகவில்லை என்று தாவர்னியே எழுதி வைத்திருக்கிறார்.

பாட்டி அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. துளசியை வெறும் படியின் மேல் வைத்துவிட்டுக் கைகூப்பினார்கள். பிறகு வெயில் தாங்காமல் மசூதியின் வளைவு மண்டபத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அன்று அந்த நிழல் எங்கள் எல்லாருக்கும் அடைக்கலமாயிற்று. பீரங்கி வார்த்தவர்களும் போய்விட்டார்கள்; வார்ப்பித்தவர்களும் போய்விட்டார்கள். கோபுரமும் மினாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இப்போது நம்முடையது. சுவரில் ஆணியால் தன் பெயரைக் கீறிவிட்டுப் போகும் பிரகிருதிகளைக் காணும்போது, அந்தப் பொறுப்பை இன்னும் நாம் உணரவில்லை என்றே தோன்றுகிறது.

மாலையில் மறுபடி விளிம்புப் பாறைக்குச் சென்று, சுவரின் சிவப்பு அணையும் வரையில் பார்த்திருந்துவிட்டு ரயிலுக்குத் திரும்பினோம். காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தைப் பார்த்தோமே என்று யாருக்கும் குறை இல்லை. பேலும் குகையையும் சேர்த்துப் பார்த்திருந்தால் இந்த இரண்டு வேளைகளில் ஒன்றை இழந்திருப்போம். மைத்துனரே அதை ஒப்புக்கொண்டார்.

அடுத்த பௌர்ணமியன்று பாடலாத்திரியைச் சுற்றப் பாட்டி புறப்பட்டபோது, என்றும் இல்லாத அதிசயமாகப் பையனும் கூடப் போனான். திரும்பி வந்ததும் ரயில் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தான். "சிங்கவேள்குன்றத்துக்கு ஒரு பகல் போதாது, அப்பா. மூன்று நாள் வேண்டும். பாட்டிக்கு ஏறுவதற்கு டோலி கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்" என்றான்.

தை மாதத்தில் நாள் குறித்திருக்கிறோம்.