ஹான்லே: இருட்டைக் காக்கும் ஊர்

லடாக்கின் லே நகரிலிருந்து சிந்து நதியை ஒட்டிச் சுமார் 250 கி.மீ. போனால் ஹான்லே. 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மழை அரிதான குளிர்ப் பாலைவனம். பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா மக்களின் மண். செப்டம்பர் அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறு இரவுகளை அங்கே கழித்தோம்.

பக்கத்து மலையில் 2 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. அதற்காக 2022-ல் இந்தப் பகுதியை 'இருள் வான் காப்பகம்' என அறிவித்தார்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை, தெருவிளக்குக்கு மூடி, வண்டிகளுக்கு 'ஹைபீம்' கூடாது. கரன்ட்டுக்குக் காத்துக்கிடந்த மக்களிடம் விளக்கைக் குறைக்கச் சொன்னால் சும்மா கேட்பார்களா? பதிலுக்கு வருமானம் வேண்டுமே! உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். வருகிறவர்கள் தங்குவதும் சாப்பிடுவதும் கிராமத்து வீடுகளில்தான். இந்த ஏற்பாடு இருக்கும்வரைதான் இருட்டும் இருக்கும் என்று தோன்றியது.

நம் ஊரில் அடிவானத்துப் பனைமரத்துக்குள் மறைந்துவிடும் துருவ நட்சத்திரம், அங்கே நன்றாக மேலேறி நிற்கிறது. ஆறாமீன் கூட்டத்தில் ஒன்பது வரை எண்ணினேன். நள்ளிரவில் உச்சிக்கு வந்த ஆண்ட்ரோமீடா, வெறும் கண்ணுக்கே பஞ்சுத் துணுக்காகத் தெரிந்தது. அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றனவாம். விளக்கிச் சொன்ன பெண், விடிந்ததும் ஆட்டுப்பட்டியைத் திறக்கப் போய்விட்டார்.

போகிறவர்கள் லேயில் இரண்டு நாளாவது தங்கி உடம்பைப் பழக்குங்கள். அனுமதிச் சீட்டு பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டால் இருட்டுக்குப் பழகிய கண் கூசாது.