கடலுக்கும் நைலுக்கும் நடுவே

மிளகுக் கப்பல் என்றதும் பருவக்காற்றும் பாய்மரமும்தான் நினைவுக்கு வரும். சேரநாட்டு முசிறித் துறையில் ஏற்றிய சரக்கு எகிப்தின் செங்கடல் கரையில் இறங்கியதோடு கதையை முடித்துவிடுவார்கள். இறக்கிய வணிகருக்கோ தலைவலியே அங்குதான் ஆரம்பம்.

பெரெனிக்கே துறைமுகத்திலிருந்து நைல் நதியோரக் கோப்டோஸ் நகருக்கு 257 ரோமானிய மைல், ஏறத்தாழ 380 கிலோமீட்டர். நடுவில் மலையும் மணலும். பயணம் 12 நாள்; வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில்தான் நடை என்று எழுதிவைத்தார் ரோமானிய எழுத்தாளர் பிளினி.

அந்த வழிக்கு உயிர் கொடுத்தது தண்ணீர். ஆங்காங்கே கிணறு, அதைச் சுற்றி மதில், உள்ளே காவல் வீரர்கள். கணக்கு எழுதும் பாப்பிரஸ் தாள் காசுக்குக் கிடைப்பது. உடைந்த பானை ஓடு சும்மா கிடைப்பது. ஆகவே தண்ணீர்க் கணக்கையும் சரக்குச் சீட்டையும் ஓட்டிலேயே எழுதித் தள்ளினார்கள். நிக்கானோர் குடும்பம் துறைமுகங்களுக்கு ஒட்டகத்தில் சரக்கு அனுப்பிய கதை இன்று தெரிவதும் அத்தகைய ஓடுகளால்தான்.

வரி வசூலும் சளைக்கவில்லை. கி.பி. 90-இல் கோப்டோஸில் வெட்டிய கல்வெட்டு, பாலைவழிக் கட்டணங்களைப் பட்டியலிடுகிறது: மாலுமிக்கு 5 திராக்மா, பரத்தையருக்கு 108 திராக்மா. ஒட்டகச் சீட்டுக்கு 1 ஓபோல்தான். 6 ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா.

வியன்னாவில் இருக்கும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பேசுகிறது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் கப்பலின் சரக்கு மதிப்பு. கடல் தாண்டி வந்த செல்வத்தைப் பாலை கடத்த, நம்பகமான ஒட்டகக்காரரும் காவலும் வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் கவலை.

பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, சமையல்கட்டும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. வடக்கே இன்னொரு துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த ஓட்டில் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று இருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். பானையைத் தொங்கவிடும் நம் உறிதான்.

1994 முதல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் பெரெனிக்கேயைத் தோண்டியபோது, செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியச் சாடி ஒன்றைக் கண்டார்கள். உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. கப்பல் கொண்டுவந்து சேர்த்த அந்த மிளகு, ஒட்டக முதுகில் ஏறாமலே சுமார் 2,000 ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.