எரியாத விளக்கு

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்டுக்கும் குரோமியத்துக்கும் காட்டுகிற அக்கறையை டேஷ்போர்டு விளக்குகளுக்குக் காட்டுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். எங்கள் பிரீமியர் பத்மினியைப் பார்க்க வருபவர்களும் முதலில் பம்பரைத்தான் தடவிப் பார்ப்பார்கள். நான் காட்ட ஆசைப்படுவது, சாவி போட்டதும் சிவப்பாக எரியும் ஆயில் விளக்கை.

என்ஜின் பிளாக்கில் முடுக்கியிருக்கும் சின்ன சுவிட்சுக்குள் ஒரு சவ்வு. ஆயில் அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் எர்த் ஆகி விளக்கு எரியும். என்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் சவ்வு நகர, தொடர்பு விட்டு விளக்கு அணையும். ஆபத்தும் இங்கேதான். ஒயர் கழன்றாலும் பல்பு போனாலும் முனையில் துரு ஏறினாலும் விளக்கு அணைந்தே கிடக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி ஓட்டுவோம். பேரிங் தேய்ந்து சத்தம் வந்த பிறகு 1089 சிசி என்ஜினைப் பிரித்துப் போடுவோம். சாவி போட்டும் விளக்கு எரியவில்லையா? சுவிட்ச் ஒயரைக் கழற்றி என்ஜின் பிளாக்கில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் ஒயரும் பல்பும் நலம், சுவிட்சுக்குத்தான் ஆயுள் முடிந்தது.

பிரேக் லைட் இன்னும் மோசம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில்தான் அதன் சுவிட்ச் இயங்கும். வயதானால் பெடலை ஓங்கி மிதித்தால்தான் எரியும்; பின்னால் பைக்கில் வருபவருக்கு நாம் வேகம் குறைப்பது தெரியாது. ஓட்டுபவர் கண்ணுக்குப் படாத பழுது இது. இரவில் சுவர் பக்கம் பின்புறத்தைக் காட்டி நிறுத்தி, லேசாக மிதித்து, கண்ணாடியில் சுவர் சிவக்கிறதா என்று பார்ப்பேன். சுவிட்ச் முனையில் பிரேக் ஆயில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. சுவிட்சை மாற்றி, பிரேக்கில் ஏர் எடுத்த பிறகே வண்டி தெருவுக்கு வர வேண்டும்.

பழுதையே பார்க்காத விளக்கும் உண்டு. அமெரிக்காவில் 1980களில் விற்ற வால்வோ 240 கார்களில் 30,000 மைலுக்கு ஒருமுறை லாம்டா விளக்கு எரியும். ஆக்சிஜன் சென்சார் கெட்டதா என்று அது சோதிப்பதில்லை. ஓடிய தூரத்தை எண்ணி, சென்சாரைக் கவனிக்கும்படி நினைவூட்டும், அவ்வளவுதான். அந்தப் பல்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதை என்னால் ஏற்க முடியாது. நம் பத்மினிக்கு அந்த வசதியும் கிடையாது. ஆயில் மாற்றிய கிலோமீட்டரை பானெட்டின் உட்புறம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நாளை காலை வண்டி எடுக்கும்போது சாவியைப் போட்டு ஒரு நொடி நிறுத்துங்கள். ஆயில் விளக்கு எரியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.