'வருவான்' எந்தக் காலம்?

ஆங்கிலத்தில 'ரென்ஸ்' எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது பன்னிரண்டு பெட்டி போட்ட அட்டவணைதான். ரியூசன் கொட்டிலிலயும் பாடமாக்கினம், கம்பஸ் வந்து முதலாம் வருடத்திலயும் பாடமாக்கினம். அந்த அட்டவணை ஒன்றைச் சொல்லுறதில்லை. ஆங்கில வினை தன்ர உருவத்தை மாத்துறது இறந்தகாலத்துக்கு மட்டும்தான்: 'கம்', 'கேம்'. எதிர்காலத்துக்கு முன்னால 'வில்' ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தவேணும். தமிழில மூன்றும் வினைக்குள்ளேயே இருக்கு: வந்தான், வருகிறான், வருவான்.

ஆனால் அந்த 'வருவான்' லேசுப்பட்ட ஆள் இல்லை. "தம்பி பின்னேரம் வருவான், சைக்கிளை வேலியில சாத்துவான், தேத்தண்ணி கேட்பான்." இது இனி நடக்கப்போறதா, முந்தி ஒவ்வொரு நாளும் நடந்ததா? இரண்டுமாக இருக்கலாம். பழைய வழக்கத்தைச் சொல்லவும் நாங்கள் எதிர்கால வினையைத்தான் பாவிக்கிறம். ஆங்கிலத்தில 'யூஸ்ட் ரு கம்' வேறை, 'வில் கம்' வேறை. ஒன்றைத் தெரிவுசெய்யாமல் வசனத்தை முடிக்கேலாது.

இது வெறும் புள்ளிக் கணக்கு இல்லையெண்டு விளங்கினது, ஊரில அம்மாமாருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கத் தொடங்கின பிறகுதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைப் பற்றி வெளிநாட்டு அமைப்புகளுக்குப் போற கடிதங்கள். "கம்பஸ் பிள்ளையள்தானே, இங்கிலிசில எழுதித் தாங்கோ" எண்டு வருவினம்.

"என்ர மகன் நல்லாப் படிப்பான்" எண்டு ஒரு அம்மா சொல்லுவா. 'ஸ்ரடிட்' எண்டு போட்டால் கதை முடிஞ்சுபோகும். 'ஸ்ரடீஸ்' எண்டு போட்டால், 2009இல் ஏ.எல் எடுக்க இருந்த பிள்ளை இண்டைக்கும் வகுப்பில இருக்கிறதாகிடும். 'வோஸ்' வரவேண்டிய இடத்தில பேனை நிண்டுபோகும்.

பள்ளிக்கூடத்தில நாங்கள் ஆகவும் வெறுத்த பெட்டி 'பிரசென்ற் பேர்பெக்ற்'. இப்ப அதுதான் கை கொடுக்குது. 'ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009': தொடங்கினது அப்ப, இன்னும் முடியேல்ல. 'வென்ற் மிஸ்ஸிங்' எண்டால் அது நடந்து முடிஞ்ச சம்பவம். பிள்ளை தானாப் போய்த் தொலைஞ்ச மாதிரியும் கேட்கும். உறவுகள் 'காணாமல் போனோர்' எண்ட சொல்லை ஏற்காமல் 'ஆக்கப்பட்டோர்' எண்டு பிடிவாதமாச் சொல்லுறதும் இதுக்காகத்தான். இலக்கணம் படிக்காமலே அவைக்கு அது தெரியும்.

2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில தொடர் போராட்டம் தொடங்கினது. அதில இருந்த அம்மா, அப்பாமாரில பலர் இப்ப உயிரோட இல்லை. அவைக்கு 'வோஸ்' எழுதலாம். அவை தேடின பிள்ளையளுக்கு எழுத எங்களுக்கு என்ன உரிமை?

கடிதம் முடிஞ்சதும் வசனம் வசனமாத் தமிழில திருப்பிச் சொல்லிக் காட்டுவம். 'படிச்சான்' எண்டு வந்தால் சில அம்மாமார் தலையை ஆட்டிப்போட்டு இருப்பினம். சிலர் மட்டும், "இல்லைப் பிள்ளை, படிப்பான் எண்டு போடுங்கோ" எண்டுவினம். வெட்டிப்போட்டுத் திரும்ப எழுதுவம்.