தேறுமா?

நல்ல சிவப்பு ஒயினை அதன் இளமையில் சுவைத்துப் பார்ப்பது இன்பத்துக்காகச் செய்யும் காரியம் அல்ல. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் இளவேனிற் காலத்தில், முந்தைய அறுவடையின் ஒயின் இன்னும் பீப்பாயில் கிடக்கும்போதே, வணிகர்களும் விமர்சகர்களும் வந்து சுவைத்து மதிப்பிடுகிறார்கள், விலையும் பேசப்பட்டுவிடுகிறது. அது புட்டியில் அடைபட்டு வாங்கியவர் கைக்கு வர மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் ஆகும். பக்குவம் கூடி வரப் பத்தோ இருபதோ ஆண்டுகள். நாக்கில் இருப்பது ஒன்று, தீர்ப்பு இன்னொன்றைப் பற்றி. முதலாண்டு மாணவன் எழுதிய ஒரே ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்து, "இவன் தேறுவானா?" என்று கேட்டால் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் படும் சங்கடம் இதுவேதான்.

2023 ஏப்ரலில் அப்படியொரு மதிப்பீட்டில் உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் பெரியம்மா மகளின் கணவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். நாற்பது ஆண்டுகளாகப் போர்தோவில் வாழ்பவர். அவருக்கு 2022இல் பேத்தி பிறந்தாள். பிள்ளை பிறந்த ஆண்டின் ஒயினை வாங்கி நிலவறையில் இட்டுவைத்து, அது வளர்ந்து ஆளானபின் திறப்பது அங்கே பல குடும்பங்களில் உள்ள வழக்கம். அத்தானுக்கு அப்போது வயது 69. முந்தைய ஆண்டுதான் இதய அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. பன்னிரண்டு புட்டிகள் வாங்குவது என்று முடிவு செய்திருந்தார். எதை என்பதுதான் கேள்வி. "நீயும் வா தம்பி. இத்தனை வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இது தெரியாதா?" என்றார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் சுவைப்பவர் விழுங்காமல் துப்பிவிடுவதே முறை, அதற்கென்று ஒரு பாத்திரமும் வைத்திருப்பார்கள் என்றதும் சம்மதித்தேன். வெற்றிலை போட்ட தாத்தாக்களின் படிக்கத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை.

மெடோக் பகுதியில் இரண்டு சிறு தோட்டங்களுக்குச் சென்றோம். கூழாங்கல் நிரம்பிய மண். அங்கே கபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ ஆகிய திராட்சைகளே முதன்மை. கபர்னே பிரான், பெத்தி வெர்தோ ஆகியவை சிறு அளவில் சேரும். தனித்தனியே நொதிக்கவைத்துப் பிறகு கலக்கிறார்கள். இரண்டாவது தோட்டத்தின் உரிமையாளரான அம்மையார் 225 லிட்டர் பீப்பாய்களிலிருந்து கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்து ஒவ்வொன்றையும் தனியே தந்தார். மெர்லோ சதைப்பற்றாக, மென்மையாக இருந்தது. கபர்னே சோவிஞ்ஞோன் நேரெதிர். நாவற்பழம் தின்ற நாக்குப்போல் வாய் முழுவதும் சாயமும் துவர்ப்பும். பெத்தி வெர்தோவைத் தனியாகச் சுவைக்கவே முடியவில்லை. ஆனால் இருபதில் ஒரு பங்காக அதைச் சேர்த்ததும் கலவைக்கு ஒரு நிமிர்வு வந்ததை என்னைப் போன்ற கற்றுக்குட்டியாலும் உணர முடிந்தது. ஒன்று எலும்பு, ஒன்று சதை என்று அம்மையார் விளக்கினார்.

இளம் ஒயினில் பார்க்கவேண்டியது மணமன்று. புதிய ஓக் மரப் பீப்பாயின் புகையும் வனிலாவும் அந்த வயதில் மற்ற எல்லாவற்றையும் மூடி நிற்கும். பார்க்கவேண்டியவை புளிப்பு, துவர்ப்பு, பழத்தின் செறிவு, சாராயத்தின் சூடு, இவை ஒன்றையொன்று தாங்கும் விதம். பிறகு, துப்பிய பின்னும் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. அதை அளக்கப் பிரெஞ்சுக்காரர்கள் 'கோதலி' என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு கோதலி என்பது ஒரு விநாடி.

துவர்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணிப் பழகிய நமக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வறண்டு சொரசொரப்பாகிறது. ஆயினும் துவர்ப்பு எல்லாம் ஒரே துவர்ப்பு அன்று. வாழைக்கச்சலைக் கடித்தால் வாயை அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். நெல்லிக்காய் முதலில் கடுக்கும், பிறகு நீரூறும், இனிப்புக்கூடத் தோன்றும். பழுக்காத திராட்சையின் துவர்ப்பு முதல் வகை. கனிந்த திராட்சையினுடையது இரண்டாம் வகை. காலம் இரண்டாவதைத்தான் திருத்தும். புட்டிக்குள் டானின் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளும் நிறமிகளோடும் பிணைந்து, ஒரு பகுதி மண்டியாக அடியில் படியும். ஊதா மங்கிச் செங்கல் நிறம் வரும், வாயில் வழவழப்புக் கூடும்.

மண்டி கீழிறங்கித் தெளிவது என்றதும் தமிழ் படித்தவனுக்குத் 'தேறல்' என்ற சொல் நினைவுக்கு வராமல் போகாது. தேறுதல் என்றால் தெளிதல். நம்புதலும் அதுவே, தேர்வில் வெற்றி பெறுதலும் அதுவே. மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் பேசுகின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடுகிறார். அத்தானின் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் நாட்டு ஒயின் சாடிகளின் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இதையெல்லாம் நான் சொன்னபோது அம்மையார் மரியாதைக்குத் தலையசைத்தார். அவருக்கு அடுத்த பீப்பாய்தான் முக்கியம்.

2022 போர்தோவில் வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஆண்டு. பழங்கள் சிறுத்துத் தோல் தடித்திருந்தன. முதல் தோட்டத்தின் ஒயின் அதை முழுமையாகக் காட்டியது: கருமை, இறுக்கம், ஈறுகளைப் பிடித்து இழுக்கும் கடுமை. அத்தான் அதில் மயங்கிவிட்டார். "இருபது வருஷம் தாங்கவேண்டாமா? இதுதான் தாங்கும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடினமாக இருப்பது நீடித்து நிற்கும் என்ற நம்பிக்கை நம் தமிழ்த்துறைகளிலும் உண்டு. புரியாத நடையை ஆழம் என்று எண்ணிப் பரிசளித்த குழுக்களை நான் அறிவேன். போர்தோவின் வரலாறே அதற்கு மறுப்புச் சொல்கிறது. 1975ஆம் ஆண்டு ஒயின்கள் கடுமையானவை. நெடுங்காலம் வாழும் என்று போற்றப்பட்டவை. அவற்றில் பலவற்றில் பழச்சுவை வற்றிப்போன பிறகும் துவர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. 1982ஆம் ஆண்டினவோ இளமையிலேயே இனித்தன. அதனாலேயே, இவை நிலைக்கமாட்டா என்று அமெரிக்க விமர்சகர்களில் சிலர் ஐயுற்றனர். ராபர்ட் பார்க்கர் மாறாகச் சொன்னார், அவர் புகழ் அங்கிருந்துதான் எழுந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஒயின்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் பெருமையோடு திறக்கப்பட்டன.

(பார்க்கர் பரப்பிய நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண் முறை எனக்கு உவப்பானதன்று. 93க்கும் 94க்கும் இடையே என்ன இருக்கிறது என்று விடைத்தாள் திருத்துபவர்கள் அறிவார்கள்.)

இரண்டாவது தோட்டத்தின் கலவையில் துவர்ப்பு குறைவாக இல்லை. ஆனால் அதற்கு ஈடான பழமும் புளிப்பும் இருந்தன. துப்பிய பின் பதினொன்று வரை எண்ணினேன். வாய் வறளவில்லை, ஊறியது. நெல்லிக்காய் வகை என்று அத்தானிடம் சொன்னேன். அவர் மறுபடி சுவைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதுவரை வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்த அக்கா உள்ளே வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "முதல் புட்டியை எப்போது திறக்கலாம்?" முதல் தோட்டத்தில் 2040க்கு முன் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த அம்மையார், 2030இலேயே நன்றாக இருக்கும், 2045 வரை கவலையில்லை என்றார். அத்தான் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அக்கா பேச்சைத் தொடரவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

மரப்பெட்டி 2025இல் வந்து சேர்ந்தது. ஒளிபடாத, பன்னிரண்டு பதின்மூன்று பாகை செல்சியசில் நிற்கும் நிலவறையில், தக்கை காய்ந்துவிடாதபடி புட்டிகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். புதுச்சேரி வீட்டுக்கு இரண்டு கொண்டுபோகலாமா என்று நான் கேட்டதற்கு, ஒரே கோடையில் கொன்றுவிடுவாய் என்று அத்தான் சிரித்தார். '2030 – மூன்று' என்று பெட்டியின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கிறார். மற்ற ஒன்பதுக்கும் ஆண்டு எழுதவில்லை. பேத்தியின் பெயர் மட்டும் இருக்கிறது.