மிளகாயும் கைகளும்

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு எனச் சுவையை ஆறாகப் பகுத்தனர் முன்னோர். அவற்றுள் கார்ப்பு ஏனை ஐந்தினின்றும் வேறுபட்டது. இனிப்பையும் புளிப்பையும் நா உணரும். கார்ப்பையோ நாவோடு கண்ணும் உணரும், கையும் உணரும். வெல்லத்தைப் பிசைந்த கை இனிப்பதில்லை. மிளகாயைக் கிள்ளிய கையோ எரிகின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர் அவ்வெரிச்சலைத் தணிக்கும் வழியையும் எளிதில் அறிவர்.

மிளகாய் தமிழகத்திற்குப் பிற்காலத்தே வந்தது. பண்டைத் தமிழர் காரத்திற்கு மிளகையே பயன்படுத்தினர். சங்க நூல்கள் அதனைக் 'கறி' என்னும் பெயராலும் வழங்கும். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பசு 1492ஆம் ஆண்டில் கடல் கடந்து அங்குச் சென்ற பின்னரே அது பிற கண்டங்களுக்குப் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரையை அடைந்தது. மிளகைப் போன்று உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் எனப் பெயர் பெற்றது. விருந்தாக வந்த அது விரைவில் வீட்டுக்கு உரியதாகிவிட்டது. இராமநாதபுரத்து மானாவாரி நிலங்களில் விளையும் முண்டு மிளகாய், 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

உண்போர்க்கு மிளகாய் சுவை. உழைப்போர்க்கோ அது சோதனை. பழத்தைப் பறித்தலும், களத்தில் பரப்பி உலர்த்துதலும், காம்பு கிள்ளுதலும் பெரும்பாலும் பெண்களின் கைகளாலேயே நடைபெறுகின்றன. வேலை செய்யும்பொழுது எரிச்சல் மிகுதியாகத் தோன்றாமலும் இருக்கலாம். காரப்பொருள் தோலினுள் மெல்ல ஊறிச் சென்று, சிறிது நேரம் கழித்தே தன் இயல்பைக் காட்டுவதும் உண்டு. சில வேளைகளில் இரவு முழுவதும் அவ்வெரிவு நீடிக்கும்.

வீட்டிலும் இத்துன்பம் உண்டு. மோர் மிளகாய் போடும் நாளில் தாய் ஒருத்தி கூடை நிறையப் பச்சை மிளகாயைக் கீறுகின்றாள். உப்பிட்ட மோரில் ஊற வைக்கின்றாள். வேலை முடிந்ததும் நீரில் கைகழுவுகின்றாள். மாலையில் விரல்கள் தீயில் இட்டாற்போல் எரிகின்றன. மீண்டும் கழுவுகின்றாள், குளிர்நீர் படும்வரை எரிச்சல் அடங்கியிருக்கின்றது, கையை எடுத்தவுடன் பழையபடி மூளுகின்றது. அந்நேரம் தொட்டிலில் குழந்தை அழுகின்றது. அதனை எடுக்கக் கை நீள்கின்றது; குழந்தையின் கண்ணில் விரல் பட்டுவிட்டால் என் செய்வது என்னும் அச்சம் அக்கையைத் தடுக்கின்றது. தன் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டவள், அத்தயக்கத்தைப் பொறுக்கமாட்டாமல் கலங்குகின்றாள்.

நீர் ஏன் உதவவில்லை? மிளகாயின் காரத்திற்குக் காரணமான பொருளுக்குக் காப்சைசின் என்பது பெயர். அது விதையில் உள்ளது எனப் பலர் கருதுவர். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்மையான உட்சதையிலேயே அது மிகுந்துள்ளது. எண்ணெய்த் தன்மை உடைய அப்பொருள் நீரில் கரையாது. எண்ணெய் படிந்த பாத்திரத்தை வெறும் நீரால் விளக்க இயலாதவாறு போல, காரம் படிந்த கையையும் வெறும் நீரால் தூய்மை செய்தல் இயலாது.

எரிவதற்குரிய காரணமும் வியப்புடையது. சூட்டை உணர்த்தும் நரம்புகளின் முனையில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெப்பம் பட்டால் அவை திறந்து, 'சுடுகின்றது' என மூளைக்கு அறிவிக்கும். காப்சைசினும் அவ்வாயிலையே திறக்கின்றது. ஆகவே நெருப்பு இன்றியே நெருப்பின் உணர்ச்சி உண்டாகின்றது. இவ்வாயிலை டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1997ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற இருவருள் அவரும் ஒருவர். பறவைகளின் வாயில்களோ இப்பொருளுக்குத் திறப்பதில்லை. அதனாலேயே கிளி மிளகாய்ப் பழத்தை வருந்தாமல் கொத்தித் தின்கின்றது.

காரணம் தெளிந்தபின் மருந்து தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அது அடுக்களையிலேயே உள்ளது. முதலில் நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ கைகளில் தாராளமாகத் தடவி, விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் படும்படி மெல்லத் தேய்த்தல் வேண்டும். எண்ணெய் காரத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். பின்னர்ச் சோப்பு இட்டு, குளிர்ந்த நீரால் நன்கு கழுவுதல் வேண்டும். எண்ணெயைக் கழுவாது விட்டுவிட்டால், அதில் கரைந்த காரம் தொட்ட இடமெல்லாம் பரவும். எரிச்சல் எஞ்சியிருப்பின் இம்முறையை மீண்டும் செய்யலாம். குளிர்ந்த பாலிலோ தயிரிலோ கையை அமிழ்த்தி வைத்தலும் இதம் தரும். வெந்நீர் கூடாது, முன்னரே திறந்துள்ள வாயிலை அது மேலும் அகலத் திறந்துவிடும்.

கண்ணில் காரம் பட்டுவிடின் வழி வேறு. கண்ணைக் கசக்குதல் ஆகாது. எண்ணெயோ பாலோ இடுதலும் ஆகாது. தூய நீரை நெடுநேரம் விட்டுக் கழுவுதலே தக்கது. வலியும் சிவப்பும் நீங்காவிடினும், கைத்தோலில் கொப்புளம் எழுந்தாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வந்தபின் தணிப்பதினும் வருமுன் காத்தல் எளிது. மிளகாயை அரியுமுன் கையுறை அணிந்துகொள்ளலாம். கையுறை இல்லாதோர் கைகளில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு தொடங்கலாம். வேலை முடிந்ததும் கத்தியையும் பலகையையும் கை துடைத்த துணியையும் சோப்பிட்டுக் கழுவுதல் நன்று. அதுவரை முகத்தைத் தொடாதிருத்தல் வேண்டும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. ஆயினும் பிறர் கையின் எரிவை அறிதற்குத் தன் கையும் எரியவேண்டும் என்பதில்லை. ஊறுகாயின் உறைப்பைப் பாராட்டும் பிள்ளைகள், அதனை ஆக்கிய கைகளையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். மிளகாய் கீறும் நாளில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தாயின் அருகே கொண்டு வைப்பதும், அவள் கை ஆறும்வரை தொட்டிலை ஆட்டுவதும் சிறுவர்க்கும் இயலும் தொண்டுகளே.