நீருக்கு அஞ்சாத பூனை

கல்கத்தாவில் எங்கள் இல்லத்திற்கு அழையாமல் வந்து குடிபுகுந்த பூனை ஒன்று உண்டு. தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்ததாயினும், அண்டை வீட்டு வங்காளியரின் அடுப்பில் இலிஷ் மீன் பொரியும் மணம் எழுந்துவிட்டால் அதற்கு எங்கள் நினைவே இராது. அத்தனை மீன் ஆசை கொண்ட அது, குழாயடியில் சிறிது நீர் தேங்கியிருந்தாலும் பாதங்களை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு விலகிச் செல்லும். நீரில் பாய்ந்து தானே மீன் பிடிக்கும் பூனை ஹௌரா மாவட்டத்தில் இருக்கிறது என்று கேள்வியுற்ற நாள் முதல், பிள்ளைகள் எங்களை விட்டபாடில்லை.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரை மூட்டையுடன் ஹௌராவில் இரயிலேறி உலுபேரியாவில் இறங்கினோம். அங்கிருந்து வண்டி அமர்த்திக்கொண்டு தெற்கே கர்ச்சுமுக் சென்றோம். வழி நெடுகக் குளங்களும், வெற்றிலைக் கொடிக்கால்களும், ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த கோரைக் காடுகளுமாக இருந்தன. ஹோக்லா என்று இவ்வூரார் வழங்கும் அக்கோரை நம் ஊர்ச் சம்பேயாகும். தாமோதர் நதி ஹூக்ளியோடு கலக்குமிடத்தில் 58 மதகுகள் கொண்ட அணை ஒன்றுண்டு. அதனருகே உள்ள சிறிய விலங்குக் காட்சிச்சாலையில்தான் நாங்கள் தேடிச் சென்ற பிராணியைக் கண்டோம்.

வங்காளியர் இதனை மேச்சோ பிடால் என்றும், பாக்ரோல் என்றும் அழைக்கின்றனர். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு என்னும் பெருமையும் இதற்கே உரியது. வீட்டுப் பூனையைப் போல் இருமடங்கு பருமன். நன்கு வளர்ந்த ஆண் 16 கிலோ வரை நிறைகொள்ளும். சாம்பல் கலந்த பழுப்பு மேனியில் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. நெற்றியிலிருந்து பிடரிவரை கருங்கோடுகள். குட்டை வால், சிறிய காதுகள், அகன்ற முகம். எங்களைக் கண்டு அது வாய் திறந்து சீறியபோது பற்கள் பளிச்சிட்டன. நம் பண்டைப் புலவர்கள் காட்டுப் பூனையை வெருகு என்றனர். மலரும் முல்லை அரும்பில் வெருகின் சிரிப்பைக் கண்டவர்கள் அவர்கள். அவ்வுவமையின் அருமை அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

இதன் உடலமைப்பே வியப்பிற்குரியது. மேல் மயிருக்கு அடியில் குட்டையான அடர்ந்த மயிர்ப்படலம் ஒன்றிருப்பதால், நீரில் மூழ்கினும் தோல் எளிதில் நனைவதில்லை. விரல்களுக்கிடையே சிறு சவ்வு உண்டு. வாத்தின் காலைப் போல் பெரிதாக எண்ணிவிட வேண்டா. வீட்டுப் பூனை தன் நகங்களை முழுவதும் உறைக்குள் இழுத்துக்கொள்ள வல்லது. இதற்கோ நகநுனி எப்பொழுதும் சற்றே வெளியில் நிற்கிறது. கரையில் அசையாது காத்திருந்து, முன்காலால் மீனை வாரி எடுக்கும். தேவையானால் தலைகுப்புறப் பாய்ந்தும் பிடிக்கும்.

மற்றவற்றில் இரண்டும் ஒரே குலத்தின் பிள்ளைகளே. விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால்தான் இரவில் அவற்றின் கண்கள் மின்னுகின்றன. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது என்பதை 2005-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். அச்சுவையை உணர்த்தும் உறுப்பு புலிக்கும் இல்லையாம். எங்கள் வீட்டுப் பூனை சந்தேஷை நக்குவது அதிலுள்ள பாலுக்காகத்தான் போலும்!

திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். எங்கள் பேச்சைக் கேட்ட முதியவர் ஒருவர், "பாக்ரோலையா பார்க்க வந்தீர்கள், தாதா? என் குளத்திற்கே வருகிறதே!" என்று அழைத்துச் சென்றார். புலிக்குட்டி என்றெண்ணி இதனை அடித்துக் கொன்ற காலமும் உண்டு என்றார் அவர். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது முதற்பட்டியலில் சேர்ந்த, காக்கப்படும் விலங்கு. ஆயினும் கெண்டைகளைப் பறிகொடுத்தவனுக்குச் சட்டத்தைச் சொல்லி ஆறுதல் தர இயலுமா? நாங்கள் தயங்கிக் கேட்டோம். "மீன் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. வயலில் எலியையும் அது தின்கிறதே! எனக்குக் கவலை கோரையைப் பற்றித்தான். அதுதான் அதற்கு வீடு, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் பாய் முடைய முதல்" என்றார்.

கரைச் சேற்றில் அவர் காட்டிய இடத்தில் ஐந்தாறு அடித்தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் நகநுனிகள் பதிந்திருந்தன. எங்கள் சிறுமகள் குனிந்து, தன் விரலால் அவற்றைத் தொடாமல் அளந்து பார்த்தாள்.

குளத்திற்கு அப்பால் கோரை பாதி வெட்டப்பட்டிருந்தது. லாரி ஒன்று பின்னோக்கி வந்து, அங்கே மண்ணைக் கொட்டிற்று. "யாரோ வாங்கிவிட்டார்கள், கட்டடம் வருகிறதாம்" என்றார் முதியவர். அந்த அடித்தடங்களுக்கும் புது மண்ணுக்கும் இடையே முப்பது அடிக்கு மேல் இராது.